பன்னிரண்டு எங்கே போனது?

"பேச்சி அக்கா, இந்தப் பன்னெண்டு எங்கே போச்சு?"

ரேவதி டீச்சர் என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். செம்பூரில் கோயிலை ஒட்டிய ஒரு சின்ன ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. மேலே ஒரு ஃபேன் கடகடவென்று ஆடியது. அது எப்போது தலையில் விழுமோ என்று வாராவாரம் கவலைப்பட்டுக்கொண்டே அதற்கு நேர்கீழே உட்காராமல் தள்ளி உட்காருவேன். அன்றைக்கு ஃபேன் ஞாபகமே வரவில்லை.

"எந்தப் பன்னெண்டு டீச்சர்?"

"மூணு x-ஐ நாலு x-ஆல பெருக்கச் சொல்லியிருக்கேன். முந்நாலு பன்னெண்டு. x-ஐயும் x-ஐயும் பெருக்கினா x². அப்போ 12x²-ன்னு வரணும். நீங்கோ x³-ன்னு எழுதியிருக்கேள். பன்னெண்டையே காணோம்."

பார்த்தேன். என் கையெழுத்துதான். x³. தடுமாற்றமே இல்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்துமுத்தாக எழுதியிருந்தேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

(அச்சுக் கோப்பவருக்கு ஒரு வேண்டுகோள். x-இன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் குட்டி எண்ணைக் கவனமாகப் போடுங்கள். அது கீழே இறங்கிவிட்டால் இந்த வாரம் நான் சொல்வது அத்தனையும் பொய்யாகிவிடும். இதை நினைத்து இரண்டு நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.)

ஒரு காகிதம்

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும், செம்பூரில் ஒரு தையல் பயிற்சி மையத்தில் டீச்சரம்மா ஒருவர் பிரசவத்துக்குப் போனபோது நான் மூன்று மாதம் அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் தாராவிக்காரி. பிறந்தது, கட்டிக்கொண்டது, பொத்தான் தைத்தது எல்லாம் தாராவி. அந்த மூன்று மாதம்தான் என் வாழ்க்கையில் ஒரு பலகை முன்னால் நின்று பேசினேன். முதல் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது நாள், சட்டைக் கை வெட்டும் இடத்தில் ஏன் துணி இழுக்கிறது என்று இருபது பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே ஆச்சரியம்.

அந்த டீச்சரம்மா பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. மையத்தின் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். மராட்டிக்காரர். என்னிடம் ஹிந்தியில்தான் பேசுவார். வேலை உங்களுக்குத்தான், ஆனால் எட்டாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும், விதி அப்படி, என்றார். நான் ஏழாவதோடு நின்றவள்.

திறந்தநிலைப் பள்ளி மூலமாக எட்டாவது எழுதலாம் என்று அவர்தான் வழி சொன்னார். எழுதினேன். மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கில் இருபத்தேழு. முப்பத்தைந்து வேண்டும்.

அந்த மார்க்கோடு போய் நின்றபோது அவர் மார்க் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "மழை தொடங்கறதுக்குள்ள கொண்டு வாங்க. அது வரைக்கும் வேற யாரையும் போடாம பாத்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்கிற அர்த்தத்தில் சொன்னார்.

மழை மும்பையில் யாருக்காகவும் நிற்காது. ஆக எனக்கு இன்னும் ஒரே ஒரு பரீட்சை.

ஏழாவதோடு ஏன் நின்றேன்

கோபர்கைரனேயிலிருந்து ஒரு வாசகி, "நீங்கள் ஏன் படிப்பை விட்டீர்கள், வீட்டில் கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லை அம்மா. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் ஏழாவது வரைதான் இருந்தது. எட்டாவதுக்கு வேறு பள்ளிக்கூடம், ஹிந்தி மீடியம். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கத்தான் செய்தார்.

முதல் நாள் கணக்கு டீச்சர் பலகையில் ஏதோ எழுதிவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தெருவில் பேசும் ஹிந்தி எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் அந்த ஹிந்தி வேறு. ஒரு சொல்லும் விளங்கவில்லை. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. அந்த வயிற்றுவலி அப்படியே முப்பது வருஷம் நீடித்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பலகையில் இருந்தது என்னவென்று இப்போது யோசித்தால், எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருந்தது. x ஆக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சும்மா கதைக்காகச் சொல்லக் கூடாது.

பெருக்கினால் கூட்டு

முதல் பரீட்சையில் என்னைக் கவிழ்த்தது இந்தக் குட்டி எண்தான்.

விஷயம் சின்னது. x² என்றால் இரண்டு x பெருக்கலில் நிற்கிறது. x³ என்றால் மூன்று x. இந்தக் குட்டி எண்ணுக்கு அடுக்கு என்று பெயர். x²-ஐ x³-ஆல் பெருக்கினால் என்ன? அடுக்குகளைக் கூட்ட வேண்டும், x⁵. புத்தகத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. நூறு தடவை சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். காய் நறுக்கும்போது, குழாயடியில் நிற்கும்போது, "பெருக்கினா கூட்டு, பெருக்கினா கூட்டு."

பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு குரல். பெருக்கினால் எப்படிக் கூட்டுவது? பெருக்கினால் பெருக்கத்தானே வேண்டும்? நீ தப்பாக மனப்பாடம் செய்திருக்கிறாய், பேச்சி. அவ்வளவுதான். எல்லாவற்றிலும் பெருக்கிவிட்டு வந்தேன். x⁶, x⁶, x¹². இருபத்தேழு.

கவலைக்காரிக்கு மனப்பாடம் உதவாது. மனப்பாடம் செய்ததை முதலில் சந்தேகப்படுவது அவள்தான். இதை நான் அந்த இருபத்தேழில் கற்றுக்கொண்டேன். காரணம் தெரிந்தால்தான் எனக்குள் அந்தக் குரல் வாயை மூடும்.

அதனால் இரண்டாவது தடவை ரேவதி டீச்சரைத் தேடிப் போனேன். மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. வாரம் ஆறு நாள் ஆபீஸ். ஏழாவது நாள் எங்களைப் போன்ற ஏழெட்டுப் பேருக்குச் சும்மா கணக்குச் சொல்லித்தருகிறார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் டீச்சர் என்பேன், அவர் அக்கா என்பார்.

"ஏன் கூட்டணும்னு கேளுங்கோ அக்கா. கேட்டுண்டே இருங்கோ" என்றார் முதல் நாளே.

கேட்டேன். பதில் எனக்குப் பட்டறையில் கிடைத்தது.

டஜன், குரோஸ், ஜிஜி

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் எங்கள் பட்டறை. நானும் ஜெபமணியும் இன்னும் நாலு பேரும். காஜா போடுவது, பொத்தான் தைப்பது. ஜெபமணிக்கும் எனக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான். இரண்டு பேரும் அந்த ஊரில் மொத்தமாக ஒரு மாதம்கூட இருந்ததில்லை. பேச்சு மட்டும் அந்தப் பேச்சு.

எங்கள் தொழிலில் பொத்தானை ஒன்று இரண்டு என்று எண்ணுவது கிடையாது. பன்னிரண்டு பொத்தான் ஒரு டஜன். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். பன்னிரண்டு குரோஸ் ஒரு ஜிஜி. கடைக்கு அனுப்பும் சீட்டில் "2 ஜிஜி 5 குரோஸ் 7 டஜன்" என்று எழுதுவோம். பன்னிரண்டு டஜன் என்று எவளும் எழுத மாட்டாள். எழுதினால் கடைப் பையன்கள் சிரிப்பார்கள். டஜன் பன்னிரண்டு சேர்ந்த நிமிஷமே அது ஒரு குரோஸ். யோசிக்காமலே கை அதை மேலே ஏற்றிவிடும். இருபது வருஷக் கை.

ஒருநாள் குர்தா வந்தது. கழுத்து, கை, பக்கவாட்டு என்று ஒரு குர்தாவுக்கு டஜன் பொத்தான். மொத்தம் ஒரு குரோஸ் குர்தா.

"எத்தனை பொத்தான்ட்டி எடுத்து வைக்க?" என்று ஜெபமணி கேட்டாள்.

"ஒரு ஜிஜி" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

குரோஸ் என்றால் பன்னிரண்டு இரண்டு அடுக்கு. டஜன் ஓரடுக்கு. இரண்டையும் பெருக்கினேன். வந்தது மூன்று அடுக்கு. நான் பெருக்கத்தான் செய்தேன், ஆனால் அடுக்கு கூடியது. பெருக்கினா கூட்டு!

"ஏட்டி, என்ன பேயறஞ்சவ மாதிரி நிக்க?" என்றாள் ஜெபமணி.

"கணக்கு வந்துட்டுட்டி."

"வந்துட்டா, உள்ள கூப்ட்டு உக்கார வை. இங்க ஒரு குரோஸ் குர்தா கெடக்கு."

அன்றிலிருந்து எனக்குப் பயமில்லை. x எங்கே வந்தாலும் டஜன் என்று நினைத்தேன். x² குரோஸ். x³ ஜிஜி. அதற்கு மேல் கடையில் பெயர் கிடையாது. நானாக x⁴-க்கு மூட்டை என்று வைத்துக்கொண்டேன். கணக்குகளை ஓட ஓடப் போட்டேன். அந்த மாதம் முழுவதும் வீட்டில் பாட்டுக்கூடப் பாடியிருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

பத்தில் ஐந்து

ரேவதி டீச்சர் பத்துக் கணக்குக் கொடுத்திருந்தார். ஐந்து சரி, ஐந்து தப்பு. சரியானதெல்லாம் தெளிவாகச் சரி. தப்பானது ஒவ்வொன்றும் விசித்திரமான தப்பு.

"6x²-ஐ 4x³-ஆல பெருக்கினா 24x⁵. நீங்கோ 2x⁶. சரி, இதாவது போகட்டும். இங்கே பாருங்கோ. 5x²-ஐ 3x-ஆல பெருக்கினா 15x³. நீங்கோ x⁴ + 3x³. இந்தப் பிளஸ் எங்கேர்ந்து வந்தது? கேள்வியில பிளஸே இல்லையே அக்கா!"

எனக்கு எல்லாமே சரி என்றுதான் தோன்றியது. அதுதான் பயங்கரம். தப்பென்று தெரிந்து தப்புச் செய்தால் திருத்திக்கொள்ளலாம்.

டீச்சர் பேனாவால் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். சட்டென்று, "பெருக்கி வர எண் பன்னெண்டுக்குக் கீழ இருந்தா சரியா போட்டிருக்கேள். பன்னெண்டைத் தொட்டா தப்பாறது. ஏன்?" என்றார்.

அப்போதுதான் நான் பொத்தான் கதையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. டஜன், குரோஸ், ஜிஜி, மூட்டை. மூன்று டஜனை நாலு டஜனால் பெருக்கினால் பன்னிரண்டு குரோஸ். பன்னிரண்டு குரோஸை யாராவது பன்னிரண்டு குரோஸ் என்று எழுதுவார்களா? அது ஒரு ஜிஜி. அதனால் x³. பதினைந்து ஜிஜி என்றால் ஒரு மூட்டையும் மூணு ஜிஜியும். அதனால் அந்தப் பிளஸ்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூணு டஜன் முப்பத்தாறு, நாலு டஜன் நாற்பத்தெட்டு, பெருக்கல்.

"ஆயிரத்து எழுநூத்து இருபத்தெட்டு" என்றேன் நான், அவர் போட்டு முடிப்பதற்குள். ஒரு ஜிஜி எத்தனை என்று எனக்குத் தெரியாதா?

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, நீங்கோ போட்டது எல்லாமே சரி. பத்தும் சரி. x பன்னெண்டா இருந்தா." பிறகு மெதுவாகச் சொன்னார், "ஆனா x பன்னெண்டுன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

"x எத்தனையா வேணா இருக்கலாம். ஏழா இருக்கலாம், நூறா இருக்கலாம். தெரியாது. அதனாலதான் x." அவர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "பொத்தானை மறந்துடலாமா? ரூல் மட்டும் வெச்சுண்டு போடலாமே."

ரூல் மட்டும் வைத்துக்கொண்டு போட்டுத்தான் இருபத்தேழு வாங்கினேன். "மறக்க மாட்டேன் டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. "அதுல எது தப்புன்னு கண்டுபிடிச்சுட்டு வாரேன்."

வீட்டில்

என் வீட்டுக்காரர் லெதர் பை தைக்கிறவர். நல்ல மனிதர், பேச்சு மட்டும் கொஞ்சம் கரடு. நான் சாயங்காலம் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏளா, எதுக்கு இந்தப் பாடு? போன தடவ மார்க் வந்தன்னைக்கி நீ அழுத அழுகைல பக்கத்து வீட்டுக்காரன் உனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போனான், நான்தான் செத்துப் போய்ட்டேன்னு நெனச்சு" என்றார்.

"நீங்க செத்தா அவ்வளவு அழுவேன்னு யாரு சொன்னா?"

"பாத்தியா, வாய்க்கு மட்டும் நூத்துக்கு நூறு" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "வேலை கெடைக்கலைன்னா என்ன, பொத்தான் இருக்குல்லா" என்றார்.

இருக்கிறது. ஆனால் நாற்பத்து மூன்று வயதில் ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயல்கிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை. அதுமட்டுமில்லை. பலகை முன்னால் நின்ற அந்த மூன்று மாதம் எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். இந்த ஒன்றை விடுவதாக இல்லை என்று முடிவு செய்தேன்.

அவரைப் பார்த்து, "தேத்தண்ணி போட்டுத் தாரீங்களா? எனக்கு இன்னும் எட்டுக் கணக்கு இருக்கு" என்றேன். போட்டுத் தந்தார். சீனி போட மறந்துவிட்டார்.

ஜெபமணி கேட்ட கேள்வி

அந்த வாரம் வேறொரு கடையிலிருந்து பொத்தான் மால் வந்தது. எங்கள் வழக்கமான கடையில் சரக்கு இல்லையாம். பழுப்புக் காகிதத்தில் மடித்த பாக்கெட்டுகள். மேலே எதுவும் எழுதவில்லை. நான் பாக்கெட்டுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக ரப்பர் போட்டுக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் "1 குரோஸ்" என்று சீட்டுச் சொருகிக்கொண்டிருந்தேன்.

ஜெபமணி ஒரு பாக்கெட்டைப் பிரித்து எண்ணிவிட்டுக் கத்தினாள். "ஏ பேச்சி! என்னத்தக் கட்டுத நீ? இதுல பத்துதான்ட்டி இருக்கு!"

அடுத்த பாக்கெட்டைப் பிரித்தாள். அதிலும் பத்து.

"கடக்காரன் ஏமாத்திட்டானா?" என்றேன். முதலில் வந்த கவலை அது.

"அவன் ஏன் ஏமாத்துதான்? அவன் டஜன்னு சொன்னானா? பாக்கெட்டுன்னுதான சொன்னான்? பாக்கெட்டுக்கு எத்தனைன்னு தெரியாம நீ எப்பிடிட்டி குரோஸ்னு சீட்டு வைப்ப? பன்னெண்டு பாக்கெட் இருந்தா பன்னெண்டு பாக்கெட்டுன்னு வை. பெரிய படிப்பாளி!"

ரப்பர் என் விரலில் சுற்றியபடியே இருந்தது.

பன்னெண்டு பாக்கெட் இருந்தா பன்னெண்டு பாக்கெட்டுன்னு வை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். x என்பது எண்ணிக்கை தெரியாத பாக்கெட். x² என்றால் x பாக்கெட், ஒவ்வொன்றிலும் x பொத்தான். இதை x-ஆல் பெருக்கினால் x³. பாக்கெட்டில் பத்து இருந்தாலும் சரி, பன்னிரண்டு இருந்தாலும் சரி, நூறு இருந்தாலும் சரி, அடுக்கு கூடுவது மாறாது. ஆக, பெருக்கினா கூட்டு என்பது எந்தக் கடைப் பாக்கெட்டுக்கும் பொருந்தும். அது நிற்கட்டும்.

மூணு x-ஐ நாலு x-ஆல் பெருக்கினால் பன்னிரண்டு x². இதை மேலே ஏற்றி x³ ஆக்கலாமா? பாக்கெட்டில் பன்னிரண்டு இருந்தால் மட்டும். தெரியாத பாக்கெட்டை எப்படி ஏற்றுவது? ஏற்றக் கூடாது. பன்னிரண்டு அங்கேயே நிற்க வேண்டும். ஆக, முன்னால் நிற்கும் எண்ணை எண்ணோடு பெருக்கு, அடுக்கை அடுக்கோடு கூட்டு, ஒன்றை இன்னொன்றுக்குள் ஏற்றாதே.

என் தப்பு எந்த இடத்தில் இருந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. பொத்தான் தப்பில்லை. கை தப்பு. இருபது வருஷமாக ஏற்றிப் பழகிய கை.

கட்டிய கட்டுகளை எல்லாம் பிரித்துச் சீட்டை உருவினேன். ஜெபமணி, "அழுவாதட்டி, பாதிக்கு நான் பிரிக்கேன்" என்றாள். நான் அழவில்லை. என் முகம் எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு ரேவதி டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பலகையில் எழுதச் சொன்னார். மற்ற ஏழு பேருக்கும் நீங்களே சொல்லுங்கோ என்றார். சொன்னேன். காய்கறிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், "இப்பதான் எனக்கு வெளங்கிச்சு. இவ்வளவு நாளா டீச்சர் மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். டீச்சர் பொய்க்கோபத்தோடு அவரை முறைத்தார்.

மீதி இரண்டு வாரமும் கைக்குத்தான் பயிற்சி. வேண்டுமென்றே பன்னிரண்டு வருகிற கணக்காகப் போட்டேன். 2x, 6x. 3x², 4x. 12x, x. ஒரு நாளைக்கு முப்பது. பன்னிரண்டு வரும்போதெல்லாம் கை மேலே தாவும். இழுத்துப் பிடிப்பேன். முதல் வாரம் முப்பதில் பத்துத் தடவை ஏமாந்தேன். இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு தடவை.

அந்த ஒரு தடவை பரீட்சையில் வந்தால்? அதை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் முப்பது போட்டேன்.

பரீட்சை

பரீட்சைக்குப் போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுவது என்று கிளம்பி, இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். கேட்கூடத் திறக்கவில்லை.

கேள்வித்தாள் ஹிந்தியில். இந்தத் தடவை சொற்களை முன்பே எழுதிவைத்துப் படித்திருந்தேன். அடுக்குக்கு என்ன, பெருக்குக்கு என்ன, சுருக்குக்கு என்ன. x மட்டும் எங்கேயும் x-தான்.

நாலாவது கேள்வி: 2x-ஐ, (3x + 6)-ஆல் பெருக்கு.

2x-ஐ 3x-ஆல் பெருக்கினேன். 6x². 2x-ஐ 6-ஆல் பெருக்கினேன். 12x. எழுதினேன்: 6x² + 12x.

கை நிற்கவில்லை. பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். ஆறு குரோஸும் ஒன்றும் ஏழு குரோஸ். 7x² என்று எழுதப் பேனா தாளைத் தொட்டுவிட்டது. ஏழின் மேல்கோடு விழுந்துவிட்டது.

பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெரியாத பாக்கெட், பேச்சி. நீ பிரித்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பாக்கெட் இருந்தால் பன்னிரண்டு பாக்கெட். அந்தக் கோட்டை அடித்தேன். 6x² + 12x என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன், இதுதான் விடை என்று.

எல்லாக் கேள்வியும் முடிந்தபோது இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஆபத்தே அங்கேதான். முதலிலிருந்து சரிபார்த்தேன். எல்லாம் சரி. மறுபடி சரிபார்த்தேன். சரி. மூன்றாம் தடவை பார்க்கும்போது அந்தக் குரல் ஆரம்பித்தது. இவ்வளவு சுலபமாக இருக்குமா? ஏதோ விட்டுவிட்டாய். அந்த x⁵ உண்மையிலேயே x⁵-தானா? பேனா தானாக இரண்டாவது கேள்வியின் விடைக்குப் பக்கத்தில் போய் நின்றது, அடிப்பதற்குத் தயாராக.

எனக்கு என்னைத் தெரியும். அரை மணி நேரம் அந்தத் தாள் என் கையில் இருந்தால், நான் அதைக் கெடுத்துவிடுவேன்.

எழுந்து நின்றேன். மேற்பார்வைக்கு இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அபி ஆதா கண்டா பாக்கி ஹை, மேடம்" என்றார். இன்னும் அரை மணி இருக்கிறதாம். எனக்குத் தெரியாதா?

"லே லீஜியே சர். அபி லே லீஜியே."

வாங்கிக்கொள்ளுங்கள், இப்போதே. அவர் கை நீட்டத் தாமதமான அந்த ஒரு நொடியில் தாளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றியது. பிடுங்கவில்லை. விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நேரம் முடிவதற்குள் நான் ஒரு பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, இரண்டு பஸ்ஸைப் போகவிட்டேன்.

மழைக்கு நாலு நாள் முன்னால்

கணக்கில் ஐம்பத்தெட்டு.

மேகம் கறுத்திருந்த ஒரு மத்தியானம் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் அம்மா இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடச் சொன்னார். அவ்வளவுதான். நான் பெரிதாக ஏதோ பேசுவார் என்று எதிர்பார்த்துப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குப் போய்விட்டேன். ஷட்டர் பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்ததும், மையத்தையே மூடிவிட்டார்கள், என் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வாட்ச்மேன் டீ கிளாஸோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிலாய்வாலி டீச்சர் ஆப் ஹி ஹை நா?" தையல் டீச்சர் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். இனிமேல் நீங்கள்தான் திறக்க வேண்டும், எனக்குக் கீழே கேட் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

ஷட்டரை ஒரு ஆளாகத் தூக்கினேன். உள்ளே ஈரத் துணி வாடை. லைட்டைப் போட்டேன். ஒன்பது மெஷின். மூன்றில் பெல்ட் அறுந்து தொங்கியது. பத்து மணிக்கு இருபது பெண்கள் வந்துவிடுவார்கள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.